வேலை அட்டையில் 'மறுக்கிறதா' என்ற வரி

"மே 9. கிளட்ச் சுவிட்ச் பழுது. புதியது வரும்வரை தற்காலிக இணைப்பு.
மே 17. புதிய சுவிட்ச் பூட்டியது. ஸ்ராட் வருகிறது. — நாதன்."

இது ஒரு வேலை அட்டையின் மொழிபெயர்ப்பு. மூலம் பிரெஞ்சில், நீல மையில், என் கையெழுத்தில் இருக்கிறது. போன மாதம் சூசை அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். கனடாவில், கெபெக் மாகாணத்து லவாலின் கிழக்குப் பக்கத்தில், வீடுகள் இன்னும் முழுதாக விழுங்கிவிடாத வயல்களுக்கு நடுவே ஒரு ட்ராக்டர் கராஜ் இருக்கிறது. பத்தொன்பது வருடம் நான் அங்கே வேலை செய்தேன். சூசை மன்னார்க்காரன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். எனக்குப் பிறகு அங்கே பொறுப்பாக இருக்கிறான்.

படத்தோடு குரல் செய்தியும் வந்தது.

"அண்ணை, இந்தக் கடுதாசி அட்டையளை எல்லாம் விட்டிட்டு இனி ரப்லெற் கணினியிலதான் எழுதப் போறம். புதுசா வந்த கெபெக் பெடியள் கேக்கிறாங்கள், அட்டையின்ர கடைசியில 'மறுக்கிறதா: ஆம், இல்லை' எண்டு ஒரு வரி கிடக்கு, உது என்னத்துக்கு, தூக்கலாமோ எண்டு. எனக்குக் காரணம் தெரியும். நான் சொல்ல ஏலாது. நீங்கதான் சொல்லவேணும்."

அந்தப் பெடியளுக்குப் பிரெஞ்சில் அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். நாள்களை என் குறிப்புக் கொப்பியிலிருந்து எடுத்திருக்கிறேன். ஆண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், இதில் வரும் குடும்பம் இன்னும் அதே வயலில்தான் இருக்கிறது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ட்ராக்டர் எந்தக் கம்பனியின் தயாரிப்பு என்பதும் தேவையில்லை. கம்பனி செய்த தவறு இதில் எதுவுமில்லை.

என் தொழிற்பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளிநொச்சியில் ஒரு உழவு இயந்திரத் திருத்தகத்தில் ஆறு வருடம், கனடா வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியது மூன்று வருடம், மாலைப் பாடசாலையில் பிரெஞ்சும் பகலில் கனரக இயந்திரத் தொழிற்பயிற்சியும் இரண்டு வருடம். பியர்பொன்ட்ஸில் வீடு, லவாலில் வேலை. நடுவே ஆறு, பாலம் நெரிசலாக இருந்தால் ஒரு மணித்தியாலம், இல்லாவிட்டால் நாற்பது நிமிடம்.

கிளிநொச்சியில் கற்ற ஒன்றை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வயர் இல்லை, சுவிட்ச் இல்லை, ஒட்டும் ரேப் இல்லை. பழைய வயர்த் துண்டுகளை முறுக்கி இணைத்து, சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுவோம். எண்ணெயும் வெயிலும் பட்டாலும் அது கழலாது. இன்னொரு காரணமும் இருந்தது. சோதனைச் சாவடியில் புதிதாக ஒட்டுப்போட்ட வயரைக் கண்டால் இறக்கி வைத்துக் கேள்வி கேட்பார்கள். இது என்ன இணைப்பு, எங்கே போகிறது, ஆர் செய்தது என்று அரைநாள் போய்விடும். அதனால் ஒட்டு இருப்பதே தெரியாமல் ஒட்டுவதுதான் எங்களுக்கு வேலைத்திறன். ரியூப் நாடாவைச் சுற்றி, நுனியை உள்ளே மடித்துச் செருகி, கிறீஸ் தடவி, மண் பூசிவிட்டால் கம்பனியிலிருந்து வந்தபடியே இருப்பதுபோலத் தெரியும். லவாலுக்கு வந்த பிறகும் என் கை அதை விடவில்லை. சூசை பகிடி பண்ணுவான்: "நாதன் அண்ணை கட்டின வயரைக் கண்டுபிடிக்க ஆமிக்காரனாலேயே ஏலாமப் போச்சு. இந்த வெள்ளைக்காரர் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" நானும் சிரிப்பேன். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் முதலாளியின் பெயரை ஜில்பேர் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லாரும் பிரெஞ்சில் முதலாளி என்ற பொருளில் 'பத்ரோன்' என்றுதான் கூப்பிடுவோம். நான் அவர் சத்தம் போட்டுக் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி எதிரில் இருக்கும் ட்ராக்டரின் முன்பக்கப் பொனற் மேல் வைப்பார், பிறகு ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பார். முதல் தரம் பதில் சொல்பவனுக்குப் பொய் சொல்ல இடமிருக்கிறது, இரண்டாம் தரம் இல்லை என்பது அவருடைய கணக்கு.

அவரிடம் சில நடைமுறைகள் இருந்தன. எந்த இயந்திரத்தில் கை வைத்தாலும் முதலில் பற்றரியின் பூமி வயரைக் கழற்ற வேண்டும். வண்டியின் திறப்பு, அதாவது சாவி, வேலை செய்கிறவனின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். தற்காலிகமாகப் போடும் வயர் எதுவானாலும் சிவப்பு வயராக இருக்க வேண்டும், ஒரு முழ நீளத்துக்கு வெளியே தொங்க வேண்டும், ஸ்ரியரிங்கில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். "அசிங்கமாக இருக்கட்டும். அசிங்கமாக இருந்தால்தான் கழற்ற ஞாபகம் வரும்" என்பார். எனக்கு அந்தத் தொங்கும் சிவப்பு வயரைக் கண்டால் பிடிக்காது. பழகாத கைக்காரன் செய்த வேலைபோல இருக்கும்.

அங்கே வந்தவற்றில் பெரும்பாலானவை அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் கடைசிவரை செய்யப்பட்ட பெரிய ட்ராக்டர்கள். அந்தக் காலத்தில் வட அமெரிக்கக் கம்பனிகள் ஒன்றையொன்று முந்திக் குதிரைவலுவைக் கூட்டிக்கொண்டே போயின. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு ரேர்போவும் பூட்டினார்கள். நான் கிளிநொச்சியில் பழகியது நாற்பது குதிரைவலு. இங்கே நூறைத் தாண்டிய ஒன்றின் பின்சில்லுக்குப் பக்கத்தில் முதல்நாள் நின்றபோது என் தலை ரயரின் மேல்விளிம்புக்கு எட்டவில்லை. பாரத்துக்காக அந்த ரயருக்குள் உறையாத உப்புத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். நிமிர்ந்த புகைக்குழாய் உறுமும்போது நெஞ்செலும்பு அதிரும். அந்த உறுமலுக்காகவே இன்று ஆசைப்பட்டுத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் வளர்ந்த வேகத்தில் மற்றவை வளரவில்லை. பிறேக் எஞ்சினுக்குப் பின்னால் மூச்சுவாங்கி ஓடியது. பலவற்றில் சாரதிக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. நிலத்தில் நின்றபடியே கையை நீட்டினால் திறப்பு எட்டும்.

அப்படி நிலத்தில் நின்று எஞ்சினை ஸ்ராட் பண்ணக் கூடாது என்பதற்காகவே வைத்த சின்னச் சாமான் கிளட்ச் சுவிட்ச். கிளட்ச் பெடலை முழுக்க மிதித்தால்தான் அது மின்சாரத்தை விடும், ஸ்ராட்டர் சுற்றும். மிதிக்க வேண்டுமானால் ஏறி இருக்கையில் இருக்க வேண்டும். கிளட்ச் மிதிபட்டிருந்தால் எந்தக் கியரில் கிடந்தாலும் எஞ்சின் ட்ராக்டரை இழுக்காது. தீப்பெட்டியளவு சாமான்.

எங்களிடம் வழமையாக வரும் விவசாயி மார்செலின் ட்ராக்டர் சிவப்பு நிறம். மே 9ஆம் திகதி அந்தச் சுவிட்ச் உடைந்து வந்தது. சோளம் விதைக்கும் நாள்கள். புதிய சுவிட்ச் வர ஒரு கிழமை ஆகும் என்றார்கள். மார்செல் அறுபது தாண்டியவர், வலது முழங்காலில் இரண்டு தரம் சத்திர சிகிச்சை செய்தவர். "ஒரு கிழமை நிற்க முடியாது நாதன், மழை வருகிறது" என்றார். பத்ரோன் தலையாட்டினார். உடைந்த சுவிட்சை அப்படியே விட்டு, அதற்கு வரும் வயரையும் போகும் வயரையும் மேலே தகட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு வயரால் நேரே இணைத்து அனுப்பினேன். கிளட்ச் மிதிக்காமலே இனி ஸ்ராட் வரும், கவனம் என்று மார்செலிடம் சொன்னேன். ஸ்ரியரிங்கில் சிவப்புத் துணியும் கட்டினேன். ஆனால் இணைப்பைச் சிவப்பு வயரால் செய்யவில்லை. கறுப்பு வயர், சைக்கிள் ரியூப், நுனி உள்ளே மடித்து, கிறீஸ் தடவி, என் பழைய முறையிலேயே செய்தேன்.

மே 17 புதிய சுவிட்ச் வந்தது. நானே அவர் வயலுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். விதைப்பு நடந்துகொண்டிருந்தது, மேற்கில் மழை இருண்டு வந்தது. ஸ்ரியரிங்கில் சிவப்புத் துணி இல்லை. காற்றில் முகத்தில் அடிக்கிறது என்று மார்செல் கழற்றியிருந்தார். சுவிட்சைப் பூட்டி, ஏறி இருந்து, கிளட்சை மிதித்துத் திறப்பைத் திருப்பினேன். ஸ்ராட் வந்தது. அட்டையில் எழுதினேன். மேலே நீங்கள் படித்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்தக் குடும்பத்தோடு எனக்கு நல்ல பழக்கம். ஒவ்வொரு ஓகஸ்டிலும் மார்செல் ஒரு சாக்குச் சோளம் கொண்டுவந்து கராஜ் வாசலில் வைப்பார். "நாதனுக்கு மட்டும்" என்று அட்டைத் துண்டில் எழுதி வைப்பார். ஏன் எனக்கு மட்டும் என்று சூசை கேட்டான். "வேலை சுத்தமாயிருந்தால் சனத்துக்குத் தெரியும்" என்று சொன்னேன்.

நான்காம் வருடம் ஒக்டோபர் 3, சனிக்கிழமை காலை, மார்செல் களஞ்சியத்துக்குப் பக்கத்துச் சரிவில் நிலத்தில் நின்றபடி திறப்பைத் திருப்பியிருக்கிறார். ட்ராக்டர் இரண்டாம் கியரில் கிடந்தது. எஞ்சின் பிடித்தவுடன் முன்னால் பாய்ந்து, பின்சில்லு அவருடைய இடுப்பின் மேலால் ஏறிப்போய், வைக்கோல் உருளைகளில் முட்டி நின்றது. உயிர் இருந்தது. கால்கள் திரும்ப வேலை செய்யுமா என்று வைத்தியர்கள் சொல்லவில்லை.

முதல்நாள் மாலை ட்ராக்டரை அங்கே விட்டவன் அவருடைய மகன் லூக். முப்பத்து நான்கு வயது. சரிவில் கைப்பிறேக் நிற்காது, அதனால் கியரில் போட்டுவிட்டுப் போனேன் என்றான். அந்தப் பகுதியில் எல்லாரும் செய்வது அதுதான். ஆனால் வீட்டுக்குள் எல்லாம் லூக்கின் பிழை என்ற கதை ஓடத் தொடங்கியிருந்தது.

ஒக்டோபர் 8, வியாழக்கிழமை, ட்ராக்டரை ஒரு லொறியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். விபத்தைப் பதிந்த பொலிஸ்காரர், தெரிந்த ஒருவர் பார்த்து எழுதித் தரட்டும் என்று சொல்லியிருந்தாராம். மார்செலின் மனைவி தெரேஸும் லூக்கும் கூடவே வந்தார்கள். தெரேஸ் பத்ரோனிடம் சொன்னதை நான் அன்றே எழுதி வைத்தேன்:

"எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். இவன் ஒழுங்காக விட்டிருந்தால் அவர் இப்போது நடந்துகொண்டிருப்பாரா?"

லூக் அவருக்குப் பின்னால் நின்றான். இரண்டு கையையும் ஜக்கெற் பைக்குள் விட்டபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பத்ரோன் எப்படிச் சோதித்தார் என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். முதலில் எவரும் தொடவில்லை. கியர்த்தடி, கைப்பிறேக், திறப்பு, எரிபொருள் நெம்பு, ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னார், சூசை எழுதினான். பிறகு முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். பின்பக்கத்தை ஜக்கால் தூக்கி இரண்டு இரும்புத் தாங்கிகளில் இருத்தினோம். இரண்டு பின்சில்லும் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கின. தெரேஸையும் லூக்கையும் நிலத்தில் கீறிய மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். பற்றரியைப் பூட்டினோம். கியர் இரண்டிலேயே இருந்தது.

"நாதன், சுவிட்ச் நீ பூட்டியதுதானே?"

"ஓம், பத்ரோன்."

"அப்படியென்றால் கிளட்ச் மிதிக்காமல் ஒன்றும் நடக்காது. பார்ப்போம்."

அவர் நிலத்தில் பக்கவாட்டில் நின்று, கையை நீட்டித் திறப்பைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. ஆள் உயரச் சில்லு இரண்டும் அந்தரத்தில் சுழலத் தொடங்கின. ரயரின் பற்களில் ஒட்டியிருந்த காய்ந்த மண் பிய்ந்து கராஜ் முழுக்கத் தெறித்தது. அதில் ஒரு கட்டி என் கன்னத்தில் பட்டது. தெரேஸ் கத்தினாரா, லூக் கத்தினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பத்ரோன் எஞ்சினை நிறுத்தினார். சில்லுகள் ஓய்வதற்கு நேரம் எடுத்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மாதாவே" என்றான் சூசை.

"சுவிட்சைப் பார்" என்றார் பத்ரோன்.

நான் பெடலின் அடியில் குப்புறப் படுத்தேன். சுவிட்ச் நன்றாக இருந்தது. கழற்றிச் சோதித்தேன், அழுத்தினால் மின்சாரத்தை விடுகிறது, கையை எடுத்தால் நிறுத்துகிறது. அதன் வயர்கள் இரண்டையும் விரலால் தடவிக்கொண்டே மேலே போனேன். தகட்டுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில், விரலுக்கு ஒரு மெல்லிய தடிப்புத் தட்டுப்பட்டது. நகத்தால் கீறினேன். கிறீஸ் உரிந்து ரியூப் தெரிந்தது. நுனி உள்ளே மடித்துச் செருகியிருந்தது.

நான் நான்கு வருடத்துக்கு முன் போட்ட இணைப்பு அப்படியே கிடந்தது. புதிய சுவிட்சைப் பூட்டினேனே தவிர, அதைக் கழற்றவில்லை. சுவிட்ச் மறித்தாலும் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு என் வயர் வழியாகப் போயிருக்கிறது. மே 17 மிதித்துப் பார்த்தேன், ஸ்ராட் வந்தது. மிதிக்காமல் திருப்பிப் பார்க்கவில்லை.

சூசை வந்து பக்கத்தில் குந்தி, லைற்றைப் பிடித்தான். அவன் கண்டுவிட்டான். தமிழில், உதடு அசையாமல் சொன்னான்:

"அண்ணை, வாயைத் திறவாதேங்கோ. ஆர் கட்டினதெண்டு ஆருக்குத் தெரியும்? நாலு வருசம். பேந்து யோசிப்பம்."

"சூசை, இது என்ர கை."

"எனக்குத் தெரியும் உங்கட கை. அவையளுக்குத் தெரியாது."

பத்ரோனும் குனிந்து பார்த்தார். "யாரோ சுவிட்சைச் சுற்றி வயர் போட்டிருக்கிறார்கள். யார்?" என்று கேட்டார். அது எல்லாரையும் பார்த்துக் கேட்ட கேள்வி. எங்கள் கராஜ் போட்டதென்றால் சிவப்பு வயராக இருந்திருக்கும் என்பது அவர் எண்ணம். நான் பேசாமல் இருந்தேன். அதை மழுப்பி எழுத எனக்கு விருப்பமில்லை. பேசாமல் இருந்தேன்.

அப்போது தெரேஸ் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"இதிலே லைற் வயரெல்லாம் மாற்றியது நீதானே?"

"அம்மா, நான் முன் லைற் மட்டும்தான்…"

"நீதானே வயரில் கை வைத்தாய்?"

லூக்கின் முகத்தைப் பார்த்தபோது, அவன் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டான் என்று கண்டேன். எந்த வயரைத் தொட்டேன், எதைத் தவறாக இணைத்தேன் என்று மனதுக்குள் தேடுகிறான். கியரில் விட்ட குற்றத்தோடு வந்தவன், வயரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போனான். நான் கையில் எண்ணெய்த் துணியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை சுகமில்லை என்று வேலைக்குப் போகவில்லை. பழைய கொப்பியை எடுத்து மே 17ஆம் திகதியைப் பார்த்தேன். "மார்செல் வயலில் சுவிட்ச் பூட்டினேன். திரும்பும் வழியில் பலத்த மழை. லவால் பாலத்தில் ஒன்றரை மணித்தியாலம்" என்றிருந்தது. மழையை எழுதியிருக்கிறேன், பாலத்தை எழுதியிருக்கிறேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தா. நான் சொன்னேன். அவ எதிரே வந்து இருந்தா. "அந்தப் பெடியனுக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்று மட்டும் கேட்டா.

"ரெண்டு."

"அப்ப என்னத்துக்கு இஞ்சை இருக்கிறியள்?"

ஒக்டோபர் 10, சனிக்கிழமை காலை, பத்ரோன் தனியே இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். ட்ராக்டர் இன்னும் தாங்கிகளிலேயே நின்றது. சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிச் சிவப்புப் பொனற் மேல் வைத்தார்.

"நீயா கட்டினாய்?"

"நான்தான்."

"நீயா கட்டினாய்?"

"நான்தான், பத்ரோன். கழற்ற மறந்தேன். நீங்கள் சொன்ன சிவப்பு வயரைப் போடவில்லை. போட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்."

"வியாழக்கிழமை நான் கேட்டபோது?"

"பயந்துவிட்டேன்."

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "ஜக்கெற்றைப் போடு" என்றார்.

அவருடைய பிக்கப்பில் வைத்தியசாலைக்குப் போனோம். மார்செலின் அறையில் தெரேஸ் இருந்தார். லூக் யன்னலோரம் நின்றான், கட்டிலுக்குக் கிட்டப் போகாமல். நான் நின்றபடியே சொன்னேன். என் பிரெஞ்சு அன்று எனக்கு ஒத்துழைக்கவில்லை. வினைச்சொற்களெல்லாம் குழம்பின. சொல்லி முடித்ததும் மார்செல் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது குழப்பம்.

"மறந்தாயா?"

"ஓம்."

"நான் நினைத்தேன், நீ எனக்காக விட்டாய் என்று."

எனக்கு விளங்கவில்லை.

"என் முழங்கால்" என்றார். "அந்த ஒரு கிழமை கிளட்ச் மிதிக்காமல் ஸ்ராட் பண்ணிப் பழகிவிட்டேன். நீ புதிய சுவிட்ச் பூட்டிய பிறகும் அப்படியே வந்தது. நாதன் பேசாமல் எனக்கு ஒரு உதவி செய்திருக்கிறான், பத்ரோனுக்குத் தெரியக்கூடாது, அதனால் நானும் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு வருடம் கீழே நின்றேதான் ஸ்ராட் பண்ணினேன். எப்போதும் முதலில் கையை நீட்டிக் கியரை எடுத்து நடுநிலையில் விடுவேன். அன்றைக்கு எடுக்கவில்லை."

சோளம் ஏன் எனக்கு மட்டும் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. நான்கு ஓகஸ்ட் அவித்துத் தின்றிருக்கிறோம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

லூக் யன்னலிலிருந்து திரும்பினான். அவன் என்னைத் திட்டுவான், அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்படியென்றால் நான் கியரில் விட்டது?"

"அதில் பிழையில்லை" என்றேன். "அந்தச் சரிவில் கியரில் விட்டதுதான் சரி. சுவிட்ச் வேலை செய்திருந்தால் கீழே நின்று யாராலும் ஸ்ராட் பண்ணியிருக்க முடியாது. அது உன்னால் நடக்கவில்லை. வயரும் உன்னுடையதில்லை. இரண்டும் எழுத்தில் தருகிறேன்."

அவன் சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். பெரிய உடம்புக்காரன். தெரேஸ் எழும்பிப் போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றார். தொட்டாரா என்று பார்க்க நான் நிற்கவில்லை. வெளியே வரும்போது தெரேஸ் பின்னாலிருந்து "மெர்சி" என்றார். தெருமுனைக் கடையில், டெப்பனரில், மிச்சக் காசு வாங்கும்போது நன்றிக்குச் சொல்கிற மெர்சி. அதற்கு மேல் அவர் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அறிக்கையில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுப் பொலிசுக்குக் கொடுத்தோம். ஒருதரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்கு மேல் வரவில்லை. மார்செல் ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டு ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். ட்ராக்டரை லூக் எடுத்துக்கொண்டு போனான். அடுத்த ஓகஸ்டில் சோளம் வரவில்லை.

பத்ரோன் என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செவ்வாய்க்கிழமை அச்சுக்காரரிடம் புதிய அட்டை அடிக்கக் கொடுத்தார். கடைசி வரியாக "மறுக்கிறதா: ஆம், இல்லை" என்று சேர்த்தார். வேலை செய்ய வேண்டியது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு, செய்யக் கூடாத நேரத்தில் செய்யாமல் இருக்கிறதா என்றும் பார்த்து எழுத வேண்டும். அதை எழுதாத அட்டையென்றால் அவர் ட்ராக்டரின் திறப்பைச் சொந்தக்காரரிடம் கொடுக்க மாட்டார். பெடியளுக்கு நான் எழுதிக் கொடுத்த அரைப் பக்கம் இவ்வளவுதான்.

ஆனால் அன்று பின்னேரம் நடந்த ஒன்றை அவர்களுக்கு எழுதவில்லை. பத்ரோன் பழைய அட்டைகள் இருந்த இழுப்பு லாச்சிகள் மூன்றையும் இழுத்து என் வேலை மேசையில் வைத்தார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனைக்குச் செய்தாய்?"

அந்த நிமிடம்வரை நான் ஒரு ட்ராக்டரைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனைக்குச் செய்தாய்?"

சூசையும் நானும் ஒரு கிழமை இருந்து பார்த்தோம். கிளட்ச் சுவிட்சுக்குத் "தற்காலிக இணைப்பு" என்று எழுதி, கழற்றியதாக எழுதாத என் அட்டைகள் ஒன்பது அகப்பட்டன. மார்செலுடையது அதில் ஒன்று. மற்ற எட்டில் ஏழின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தோம். ஒவ்வொரு வயலுக்கும் நானே போனேன். கிளட்ச் மிதிக்காமல் திறப்பைத் திருப்பினேன். ஐந்து மறுத்தன. இரண்டு ஸ்ராட் ஆகின. அதில் ஒன்றின் இருக்கையில் சின்னப்பிள்ளை இருத்தும் மெத்தை கட்டியிருந்தது. நான் வயரை வெட்டி எடுத்துவிட்டு, வேலிக்கரையில் போய்ச் சத்தி எடுத்தேன். சூசை தண்ணீர்ப் போத்தலோடு வந்து நின்றான். அன்று அவன் பகிடி ஒன்றும் விடவில்லை.

எட்டாவது, நூற்று இருபது குதிரைவலு, பச்சை நிறம், கூரையில்லாதது. சொந்தக்காரர் இறந்துவிட்டார். பிள்ளைகள் ஏலத்தில் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் ஒன்ராறியோவின் வடக்கே ஒருவருக்குக் கைமாற்றியிருக்கிறார், அவரும் விற்றுவிட்டார். அதற்கப்பால் தடம் இல்லை. பழைய ட்ராக்டர் விற்கும் இணையப் பக்கங்களில் ஓய்வு பெற்ற பிறகும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொடர் இலக்கம் என்னிடம் இருக்கிறது. ஒருதரம் அதே மாதிரி ஒன்றின் படம் வந்தது. இலக்கத் தகடு தெரியவில்லை. எழுதிக் கேட்டேன், விற்றாயிற்று என்று பதில் வந்தது.

அதிலிருந்த என் இணைப்பை நான் கழற்றினேனா இல்லையா என்பது அட்டையிலும் இல்லை, கொப்பியிலும் இல்லை, எனக்கும் ஞாபகமில்லை. அந்த ட்ராக்டர் இப்போது எங்கே நிற்கிறது, கிளட்ச் மிதிக்காமல் திறப்பைத் திருப்பினால் அது மறுக்கிறதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.